ஆறாவது குரல்

எழுபத்து நான்கில், கூடலூர் தேயிலை எஸ்டேட் பாட்டுகளைப் பதிவுசெய்ய வாத்தியார் தங்கவேலு இரண்டு ஸ்டீரியோ மைக்குகளைக் கடையிலிருந்து கொண்டுவந்தார். சோதித்துப் பார்த்து ஒன்றை வாங்க வேண்டும். இலங்கையிலிருந்து வந்த ஐந்து பெண்கள் கொழுந்து பறித்தபடியே பாட, இரண்டு மைக்கிலும் பதிவுசெய்தார். கடைசி அடி யாருக்கும் நினைவுக்கு வராததால் பாட்டு நின்றுவிட்டது.

முதல் மைக்கில் காற்றிரைச்சல்தான் பதிவாகியிருந்தது. இரண்டாவதில் ஐந்து குரல்களும் தெளிவாக ஒலித்தன. பாட்டு நின்ற இடத்தில், இடப்பக்கமிருந்து ஆறாவது குரல் ஒன்று கடைசி அடியைப் பாடி முடித்தது. தோட்டத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

பாடியவர்களில் ஒருத்தியான காத்தாயி ஹெட்போனை இறுகப் பிடித்துக்கொண்டாள். "சார், இது என் தங்கச்சி ஆண்டாயி! இந்தியாவுக்கு அனுப்புற பட்டியல்ல பேரு வராம இலங்கையில அட்டன்லயே நின்னுட்டாளே, அவதான்!"

"இந்த மைக்கையே வாங்கிடறேனுங்க" என்றார் தங்கவேலு.

பெண்கள் இடப்பக்கம் ஓர் ஆள் நிற்க இடம்விட்டு, கடைசி அடியோடு முழுப் பாட்டையும் மலை அதிரப் பாடினார்கள்.