நீலப் பாவில் ஒரு முடிச்சு

குடத்தோடு திரும்பியபோது ஆடு வாசலில் நின்றது. கழுத்தில் கயிறு இல்லை.

கொடிக்கயிறு துணிகளோடு தரையில் கிடந்தது. அரிசி மூட்டை வாயைத் திறந்துகொண்டிருந்தது. கொசுவலை நான்கு மூலையும் விட்டுச் சரிந்திருந்தது.

அவள் குடத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

மாமியார் கட்டிலில் கிடந்த பாவின் மேல், தறியில் ஏற்றக் காத்திருந்த நூல் வரிசையின் மேல், குனிந்திருந்தாள். தலைமுடி விரிந்து தொங்கியது. விரல்கள் சிவப்புக் கயிற்றின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தன.

"அத்தை, அதைத் தொடாதீங்க!"

"ராத்திரி புடிச்ச வலி, அம்மிணி. சுகந்திக்கு இன்னும் ஆகல. புள்ள வெளிய வர, ஊட்டுல ஒரு முடிச்சு இருக்கப்படாது."

சுகந்தி மாமியாரின் ஒரே மகள். ஈரோட்டு ஆஸ்பத்திரியில் இருந்தாள். துணைக்கு அவள் அண்ணன், இவள் கணவன், போயிருந்தான். முட்டிவலிக்காரி எதற்கு என்று அம்மாவை விட்டுவிட்டுப் போய்விட்டான்.

ஆகவே மாமியார் வீட்டிலிருந்தபடியே பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது பாவு முடிச்சுங்க. அவுத்தா அத்தனையும் கலந்துரும்."

"கலந்தா அடுக்கிக்கலாம். புள்ள போனா?"

மாமியாருக்குத் தெரியாததா? தறியில் உட்கார்ந்தே முட்டி போனவள்.

பாவில் நூல்கள் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று குறுக்கிடும் இடம் ஒன்று உண்டு. அதன் இரண்டு பக்கமும் அந்தச் சிவப்புக் கயிற்றை நுழைத்து மருமகள் ஒரே முடிச்சாகப் போட்டிருந்தாள். அது இருக்கும்வரைதான் எந்த நூலுக்குப் பிறகு எந்த நூல் என்று தெரியும்.

பாவைச் சுருட்டி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"கழுத்துல கெடக்கறதும் முடிச்சுத்தானுங்க. அதையும் அவுத்துறட்டுமா?"

"வாயக் கழுவு புள்ள!"

அதற்குள் பக்கத்து வீட்டில் கூச்சல். "ஆரு ஆட்டை அவுத்து உட்டது? கீரையெல்லாம் போச்சே!"

மாமியார் நொண்டிக்கொண்டே ஓடினாள்.

மருமகள் பாவைக் கட்டிலில் இறக்கி வைத்தாள். எரிச்சலில் அழுகை வந்தது.

கல்யாணமான நாளிலிருந்து யாரோ கணக்குப் போட்ட பாவுகளைத்தான் நெய்தாள். இது அவளே நினைத்து, அவளே தோய்த்தது. திங்கட்கிழமைக்குள் தறியில் ஏற வேண்டும். தவறினால் கணவனின் துண்டுப் பாவு ஏறிவிடும். அதன் பிறகு தறி இவளுக்குக் கிடைக்காது.

நீலத்துக்கு வைத்த முதல் அவுரிச் சாயத் தொட்டி சுண்ணாம்பு மிஞ்சிச் செத்தது. அடுத்தது மழைக்குளிரில் புளிக்காமலே கிடந்தது. மூன்றாவதுதான் புளித்தது; அதன் நாற்றத்துக்குத் தெருவே மூக்கைப் பிடித்தது.

"பாக்கெட் சாயம் கடையில தொங்குது. நீ சாக்கடை காய்ச்சிட்டிருக்கற," என்றான் கணவன்.

அவள் நூலை முக்கினாள். காய வைத்தாள். மறுபடி முக்கினாள். ஒரு கரையில் வெளிறிய நீலம், மறு கரையில் கறுத்த நீலம். நடுவில் எங்கே மாறுகிறது என்று கண்ணுக்குத் தெரியக் கூடாது.

சுகந்தி ஒருத்திதான் வயிற்றைத் தூக்கிக்கொண்டு தொட்டியருகே வந்தாள். நூல் பச்சையாக வெளிவந்து காற்றில் நீலமாவதைப் பார்த்துக் கை தட்டினாள்.

"அண்ணி, இன்னொருக்கா!"

இன்னொருக்கா, இன்னொருக்கா என்று சொல்லி அன்று மாலை முழுவதும் அங்கேயே நின்றாள்.

போன் அடித்தது. கணவன்.

"அம்மாகிட்டச் சொல்லாத. ஆபரேசனுக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். உள்ள கொண்டு போயிட்டாங்க. ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க."

வைத்துவிட்டான்.

போனைத் தறிக்கட்டை மேல் வைத்தாள்.

முடிச்சுக்கும் அதற்கும் என்ன? ஆஸ்பத்திரியில் டாக்டர் இருக்கிறார். கத்தி இருக்கிறது. இங்கே ஒரு கயிறு. அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று இன்னொரு முறை சொல்லிக்கொண்டாள்.

கட்டிலில் உட்கார்ந்து பாவை மடியில் போட்டாள். முடிச்சைத் தளர்த்தினாள். அவிழ்ந்தது. கயிறு நூலுக்குள்ளேயே கிடந்தது. முடிச்சும் இல்லை, பாவும் கலையவில்லை.

போதும்.

போதுமா?

கயிறு உள்ளே கிடக்க, அவிழ்த்தாயிற்று என்பது ஏமாற்று மாதிரி இருந்தது. யாரை ஏமாற்றுகிறோம் என்று தெரியவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

நூல்கள் குறுக்கிடும் இடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கை விரல்களை நுழைத்தாள். அந்தப் பக்கம் மறு கை விரல்களை. குனிந்து, கயிற்றின் நுனியைப் பல்லால் கவ்வி இழுத்தாள்.

வந்துவிட்டது. தரையில் துப்பினாள்.

பாவு முழுவதும் இப்போது அவள் விரல்களில் நின்றது. மூச்சு விடுவதற்கே பயமாக இருந்தது.

மாமியார் ஆட்டைத் திட்டிக்கொண்டே வாசலுக்கு வரும் சத்தம் கேட்டது.

போன் அடித்தது.

திட்டு நின்றது.

"அத்தை, போனை எடுங்க. என்ற கை ரெண்டும்..."

மாமியார் உள்ளே வந்தாள். போனைப் பார்த்தாள். தரையில் கிடந்த சிவப்புக் கயிற்றைப் பார்த்தாள். மருமகளின் கைகளைப் பார்த்தாள்.

தறிப்பக்கம் போகவில்லை. கட்டிலில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள். தன் விரல்களை அவள் விரல்களுக்குப் பக்கத்திலேயே, நூல் பிசகாமல், நுழைத்தாள்.

"நான் புடிச்சுக்கறேன். நீ போயி எடு, கண்ணு."

அவள் தன் கைகளை மெல்ல உருவிக்கொண்டு எழுந்தாள்.

பாவு நடுங்கிக்கொண்டிருந்தது.