பதினெட்டாவது வார்த்தை

வரவேற்பு மேசைக்கான புதுக் கோட்டை மாட்டிக்கொண்டு குருவி கைகளை விரித்து நின்றாள். தோள்பட்டை இரண்டு விரல் தொங்கியது.

தையல்காரி இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவளுடைய முதுகுப் பக்கம் போனாள். முகத்தைப் பார்க்காமல் வேலை செய்ய அதுதான் தோதான இடம்.

இருவரும் அந்த ஓட்டலில் ஒரே வருடத்தில் சேர்ந்தவர்கள். குருவிக்கு மேல்மாடி அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. அறைக்கு அறை தாவித் தாவிப் போனதில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தையல்காரிக்குத் தரைக்குக் கீழே ஓர் அறை. கிழிந்த விரிப்புகள், பொத்தான் அறுந்த சீருடைகள். ஜன்னல் கிடையாது. வெளியே மழையா என்று தெரியவேண்டுமானால் வருகிறவர்களின் செருப்பைப் பார்க்கவேண்டும்.

பதினோரு வருடம்.

போன மாதம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். வரவேற்பில் ஓர் இடம் காலி. எந்தப் பிரிவு ஊழியரும் விண்ணப்பிக்கலாம். கீழே இருபது ஆங்கில வார்த்தைகள். தேர்வு நாளில் அவற்றில் ஒன்றைப் பற்றித் தமிழிலோ ஆங்கிலத்திலோ சொந்தமாக எழுதவேண்டும்.

ஆப்பர்ச்சூனிட்டி. ஈக்வாலிட்டி. பேரியர். எல்லாம் அந்த ரக வார்த்தைகள்தான்.

"நம்மளப் பத்தி நமக்கே புரியாத பாஷையில எழுதி வச்சிருக்காங்க பாருக்கா" என்று குருவி சிரித்தாள்.

தையல்காரி பன்னிரண்டாம் வகுப்புவரை ஆங்கிலத்தில் படித்தவள். குருவி எட்டோடு நின்றவள். தேநீர் இடைவேளையில் நாளுக்கு இரண்டு வார்த்தை என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள் தையல்காரி. அதில் இரக்கம் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது.

குருவிக்கோ கற்பூர புத்தி. ஒருமுறை சொன்னால் போதும்.

ஒன்பதாம் நாள், பதினேழாவது வார்த்தையை வைத்து அவளே ஒரு வாக்கியம் சொன்னாள். தையல்காரிக்கு ஏழு ஜென்மத்திலும் அப்படி ஒன்று தோன்றியிருக்காது. வரவேற்பு இடத்துக்குத் தையல்காரியும்தான் விண்ணப்பித்திருந்தாள்.

அடுத்தது பதினெட்டு. ப்ரிவிலேஜ்னா என்னக்கா, என்று கேட்டாள் குருவி.

"ஒண்ணுமில்லாத நிலைமைடி. நம்மள மாதிரி."

குரல்கூடப் பிசிறவில்லை. உண்மையான அர்த்தம் அதற்கு நேர்மாறு: மற்றவர்களுக்குக் கிடைக்காதது நமக்கு மட்டும் கேட்காமலே வந்து சேர்வது. குருவி தலையாட்டிக்கொண்டே குண்டு குண்டான எழுத்தில் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் மிச்சமிருந்த இரண்டு வார்த்தைகளையும் தையல்காரி பார்த்துப் பார்த்துச் சரியாகச் சொல்லிக்கொடுத்தாள், பாவத்தைக் கழுவுவதுபோல.

தேர்வுக்கு இன்னும் நாள் இருந்தது. பாடம் முடிந்த பிறகும் குருவி ஆறு மாடி இறங்கி வந்து எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்தாள். ஒவ்வொரு நாளும் இன்றைக்குத் திருத்திவிடலாம் என்று தையல்காரி வாயெடுப்பாள். பிறகு ஏதாவது சீருடையைப் பற்றிப் பேசுவாள். இருபதில் ஒன்று, போயும் போயும் அதையா எடுக்கப்போகிறாள்?

அதையேதான் எடுத்தாள்.

மேலாளர் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லார் முன்னாலும் அதைப் படித்துக் காட்டினார். மூன்றே வரி. முதல் வரியிலேயே தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

'நான் ப்ரிவிலேஜ் உள்ள குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கு ஒரே போர்வை. யார் இழுத்தால் யாருக்குக் குளிரும் என்று எனக்குத் தெரியும்.'

யாரோ சிரிக்கப்போகிறார்கள் என்று காத்திருந்தாள். யாரும் சிரிக்கவில்லை. சமையல்காரர்தான் முதலில் கைதட்டினார். இப்படி ஓர் ஆளைத்தான் வாசலில் நிறுத்தவேண்டும் என்றார் மேலாளர்.

தையல்காரியும் கைதட்டினாள். தவறே இல்லாமல் தான் எழுதிய இரண்டு பக்கத்தைப் பற்றி அவளுக்குப் பெரிய வருத்தமில்லை. குருவி அர்த்தம் தெரியாமல் எழுதியதை ஏதோ ஆழம் என்று எடுத்துக்கொண்டார்கள். இவளும் பிழைத்தாள், நானும் தப்பித்தேன் என்றிருந்தது. அந்த நிம்மதிதான் இரண்டு நாளாகச் சோற்றை உள்ளே இறங்கவிடவில்லை.

நாளைக்கு மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு யாரிடமாவது அந்த வார்த்தையைத் தப்பாகச் சொல்லி வைத்தால் மானம் போய்விடும், குருவியின் மானம். இன்று சொல்லியே ஆகவேண்டும்.

தோள் தையலை உள்ளே மடித்துக் குண்டூசி குத்தினாள். கோவிச்சுக்காதடி, அந்தப் பதினெட்டாவது வார்த்தை, என்று ஆரம்பித்தாள்.

"அதுவா? அன்னிக்கே ஒரு ரூம்ல டிக்ஷனரி கெடந்துதுக்கா. பாத்துட்டேன்."

குரலில் கோபமில்லை. எந்தெந்த அறை காலி என்று ஒப்பிக்கிறவள்போலச் சொன்னாள்.

தையல்காரியின் கை நின்றது. அப்படியானால் அந்த மூன்று வரியும் அர்த்தம் தெரிந்தே எழுதியவை.

அப்புறம் ஏன்டி எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல, என்றாள்.

குருவி திரும்பிப் பார்க்கவில்லை. கைகளை விரித்தபடியே நின்றாள்.

"தெனமும் டீக்கு எறங்கி வந்தேனேக்கா. நீயா சொல்லுவன்னுதான்."