இரும்பு நாரை

இரண்டாவது பல்லும் பாயில் வந்து விழுந்தது. கீழ்வரிசை, இடப்பக்கம் என்று குராமோச்சி மனதுக்குள் குறித்துக்கொண்டார். முப்பத்தைந்து வருடம் கனாசாவா நகரத்து ஜனங்களின் பல்லைப் பிடுங்கியவர் அவர்.

"எங்கடா வெச்சிருக்க, கிழவா?"

முகமூடிக்காரன் சேறு அப்பிய பூட்ஸோடு பாயின் மேலேயே நின்றிருந்தான். கண்களுக்கு மட்டும் ஓட்டை விட்ட கம்பளி முகமூடி, கையுறை, கட்டட வேலைக்காரர்கள் போடும் தொளதொளத்த கால்சட்டை. கையில் கணப்புக்கரி கிளறும் இரும்புக் குச்சி. வாயில் ஏதோ கொட்டையை அடக்கிக்கொண்டு கரகரத்தான்.

மத்தியானம்தான். ஆனால் மனைவி தங்கையோடு வெந்நீர் ஊற்றுக்குப் போயிருந்தாள். பொழுது சாய்ந்துதான் வருவாள். கூரையிலிருந்து பனி சரிந்து வெளியே தொப்பென்று விழுந்தது.

"நீங்க எதைக் கேக்கறீங்கன்னே தெரியல."

"நாரை. இரும்பு நாரை."

குச்சி இறங்கியது. வலது சுண்டுவிரல் காய்ந்த சுள்ளியைப் போல ஒடிந்தது.

நாரை அவருடையது அல்ல. வாளின் பிடிக்கும் அலகுக்கும் நடுவில் மாட்டுகிற, உள்ளங்கை அகல இரும்புத் தட்டு அது. சிறகு விரித்த நாரை ஒன்றை யாரோ முந்நூறு வருடங்களுக்கு முன்னால் அந்த இரும்பில் அறுத்தெடுத்திருந்தார்.

அதைப் போன ஞாயிற்றுக்கிழமை, பழைய வாள்களின் அணிகளைச் சேகரிப்பவர்கள் சங்கத்தில், பதினோரு பேர் முன்னிலையில், நண்பர் தோகாஷி ஒரு மாதம் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

"இந்த நாரை மின்னறதுல பாதி தோகாஷியோட மூக்குப் பிசுக்குதான்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். தோகாஷியும் சிரித்துக்கொண்டே பெருவிரலை மூக்கோரத்தில் தேய்த்து, தட்டின் விளிம்பில் கடைசியாக ஒருமுறை ஓட்டிவிட்டுத்தான் கையை எடுத்தார்.

"பத்திரம், டாக்டர். தொலைச்சீங்கன்னா சங்க வழக்கப்படி உங்க பெட்டியிலேர்ந்து நான் கேக்கறது எனக்கு."

"டாக்டரோட பெட்டியில தங்கப் பன்றிங்க ரெண்டும் இப்பவே நடுங்குது" என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. மறுபடி சிரிப்பு.

"உயிரைக் குடுத்தாவது காப்பாத்தறேன்" என்றார் குராமோச்சி. அன்றைக்கு அது பேச்சுக்குச் சொன்னது.

குச்சி மறுபடி ஓங்கியது. அவர் கையை உயர்த்தினார்.

"அந்த அலமாரியில ரெண்டாவது இழுப்பறை. வாள்பிடியில வெச்சுக் கட்டற தங்கப் பன்றி, ஜோடி. அது என்னோடது. இந்த வீட்டுல அதைவிட ஒசத்தி எதுவும் இல்ல. எடுத்துக்கிட்டுப் போயிடுங்க."

அவன் இழுப்பறையைத் திறந்து மரப்பெட்டியை எடுத்தான். பெருவிரல் நீளக் காட்டுப்பன்றிகள் இரண்டும் பட்டுத்துணியில் மினுங்கின. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு பெட்டியை மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தான்.

"தங்கம் யாருக்குய்யா வேணும்? இரும்பு எங்க?"

"அது இன்னொருத்தர் என்னை நம்பிக் குடுத்தது. கொன்னாலும் தர மாட்டேன்."

"அந்த இன்னொருத்தன் வந்து உனக்குப் பல்லு கட்டுவானா?"

விலாவில் ஓர் உதை. முதுகில் ஓர் உதை. குராமோச்சி சுருண்டு படுத்தார். அடுத்த உதை அவர் வயிற்றில் விழுந்தபோது, பூட்ஸின் நுனி எதன்மீதோ ணங்கென்று மோதியது.

அவன் காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். குனிந்து அவர் சட்டையைக் கிழித்தான். குளிருக்காக வயிற்றில் சுற்றியிருந்த கம்பளிப் பட்டைக்குள், துணியில் பொதிந்து, நாரை இருந்தது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் அதோடுதான் தூங்கினார்.

அவன் துணியைப் பிரித்ததுமே குராமோச்சி பாய்ந்து அவன் மணிக்கட்டைக் கடித்தார், மிச்சமிருந்த பற்கள் எல்லாவற்றாலும். குச்சி அவர் நெற்றியைப் பிளந்தது. இரத்தம் தெறித்து நாரையின் சிறகில் விழுந்தது.

"ஐயோ!"

அலறியது அவர் அல்ல, அவன்.

குச்சி பாயில் விழுந்தது. அவன் ஜன்னலோரம் ஓடினான். கையுறைகளைக் கழற்றி எறிந்தான். தட்டின் விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டு, சட்டைக்குள்ளிருந்து எடுத்த மெல்லிய துணியால், தேய்க்காமல், இரத்தத்தை ஒற்றி ஒற்றி எடுத்தான். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

பிறகு அவன் பெருவிரல் தானாக முகத்துக்கு உயர்ந்தது. கம்பளிக்கு மேலாகவே மூக்கோரத்தைத் தேய்த்தது. இறங்கி வந்து, இரும்பின் விளிம்பில் மெல்ல ஓடியது.

குராமோச்சி ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு கிடந்தார். இன்னொரு கண் வீங்கி மூடியிருந்தது. கூரையிலிருந்து மறுபடி பனி சரிந்தது. அவன் நாரையைத் துணியில் சுற்றி மடியில் செருகிக்கொண்டான்.

அவன் கதவை நகர்த்தினான். அவர் வாயிலிருந்த இரத்தத்தைத் துப்பினார்.

"நாளைக்குப் பன்றிங்களை வாங்க வரும்போதாவது பூட்ஸை வெளிய கழட்டிட்டு வாங்க, தோகாஷி."