தனுஷ்கோடியில் பயப்படாத பெண்

தனுஷ்கோடிக்குக் கிளம்பும் முன்பே, போகப்போகிற பயணத்தின் படங்களைத் தெய்வேந்திரனின் போன் ஏ.ஐ. மூலம் தானே தயாரித்து உறவினர்களுக்கு அனுப்பிவிட்டது. இடிந்த தேவாலயத்தின் முன்னால் தொப்பையில்லாமல், தலை நிறைய முடியோடு அவர் நின்றார். மகள் மகிழினி அலைக்குள் குதித்துச் சிரித்தாள். மச்சான் அதைப் பாராட்டி எழுதியிருந்தார்.

நேரில் வந்து இறங்கியபோது, மகிழினி கடலைப் பார்த்ததும் அம்மா கோமதியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"வா கண்ணு, படத்துல எறங்குனேல்ல?" என்று தெய்வேந்திரன் கையைப் பிடித்து இழுத்தார்.

"அது நானில்லப்பா. ஒனக்கு அந்தப் பொண்ணத்தான் பிடிச்சிருக்கா?"

படத்தில் முடியோடு நின்ற அந்த ஆளைக் காலையிலிருந்து எத்தனை தடவை எடுத்துப் பார்த்து ரசித்தோம் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. பிடித்த கையைத் தளர்த்தினார்.

"எனக்கும் கடல்னா பயந்தான்டா. படத்துல இருக்க ஆளுக்குத்தான் பயமில்ல."

"கல்யாணமான நாள்லருந்து இத எங்கிட்டச் சொல்லவே இல்லையே," என்றாள் கோமதி.

மகிழினி அவரைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு மெல்ல முன்னால் வந்தாள். "அப்ப ரெண்டு பேரும் கால் வெரல மட்டும் நனைப்பமா?"

கைகோத்துக்கொண்டு போய் நின்றார்கள். அலை வந்தது. முதலில் திரும்பி ஓடியவர் தெய்வேந்திரன்தான்.