காலருக்கு எடுத்த நேரம்

கம்சலா மறுபடியும் மெஷினை நிறுத்தினாள். போட்ட தையலைப் பிரித்து, நூலை ஊதித் தள்ளிவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

சத்தியபாமா டீச்சருக்கு மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் கொழும்பிலிருந்து வந்த பரமலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். மாகாணத்துத் தையல் வகுப்புகள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரியான செய்முறைப் பரீட்சை தயாரிப்பது அவர் பொறுப்பு. பதுளையில் இந்தப் பயிற்சி நிலையத்தில்தான் வெள்ளோட்டம்.

காலையில் வந்ததுமே வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருந்தார்.

"ஆகத் திறமான பிள்ளையைக் காட்டுங்கோ டீச்சர். அவ ஒரு சேட் காலர் தைக்க எடுக்கிற நேரத்தைத்தான் பரீட்சைக்கு வைக்கப் போறன். அதுக்குள்ள முடிக்காத ஆக்கள் பெயில்."

"எங்கட கம்சலா இருக்கிறா சேர். மெஷினே அவவிட்டத் தோத்துப் போகும்."

பெரிய ஆட்கள் வந்தால் டீச்சருக்கு யாழ்ப்பாணத் தமிழ் தானாக வந்துவிடும்.

"அப்பிடியெண்டால் கொழும்பில மேற்படிப்புக்கும் அவவையே சிபாரிசு செய்யிறன்."

கம்சலா பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துப் பெண். ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் காலரை முடித்துவிட்டு எழுந்துவிடுகிறவள். அவள்தான் இன்று ஊசிக்கும் நூலுக்கும் சமாதானம் பேசிக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாக முடித்தாள். பரமலிங்கம் காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தையலைக் குறை சொல்ல ஏலாது. ஆனா இவ்வளவு ஆறுதலா, மெதுவா வேலை செய்யிறவவைக் கொழும்புக்கு அனுப்பி நான் என்னெண்டு பேர் வாங்கிறது?"

அந்த நேரத்தையே பரீட்சைக்குக் குறித்துக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அவரை வழியனுப்பிவிட்டு டீச்சர் திரும்பி வந்தார். வகுப்பு எழுந்து நின்றது.

"வேணுமெண்டே என்னைத் தலைகுனிய வைச்சிட்டாய். எவ்வளவு சொல்லிக் குடுத்தும் என்ன, லயத்துப் புத்தி போகுமே?"

அங்கே நின்ற அத்தனை பேரும் தோட்டத்து வரிசை வீடுகளில் பிறந்த லயத்துப் பிள்ளைகள்தான். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சொன்ன பிறகு டீச்சருக்கே அது நாக்கில் கசந்தது. விடுவிடென்று தன் அறைக்குப் போய்விட்டார்.

கம்சலா பின்னாலேயே வந்து கதவோரம் நின்றாள்.

"வேணும்னேதாங்க டீச்சர் செஞ்சேன். மன்னிச்சுக்குங்க."

"ஏன்?"

"நம்ம வகுப்பு விசாலாட்சி அக்காவுக்குத் தேயில வெட்டுற கவ்வாத்துக் கத்தி பட்டு ரெண்டு வெரலு மடங்காதுங்களே. நான் தைக்கிற வெரசுக்கு நேரம் வச்சா அவங்க எப்பிடிங்க பாஸ் பண்ணுவாங்க? இந்த சர்டிபிகேட் இல்லாட்டி திரும்பவும் மலைக்குக் கொழுந்தெடுக்கத்தான் போகணும்."

டீச்சர் அவள் பக்கம் திரும்பினார்.

"அதுக்காக ஒன் கொழும்புப் படிப்ப விட்டுக் குடுப்பியா? யாருடி ஒனக்கு இப்பிடியெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

யாழ்ப்பாணத் தமிழ் எங்கேயோ போய்விட்டிருந்தது.

"அம்மாதாங்க. மலையில அவங்கதான் கெட்டிக்காரி. ஆனா தோட்டத்துத் தொரை வந்து நின்னு பாக்குற அன்னைக்கு மட்டும் மெதுவாத்தான் கொழுந்தெடுப்பாங்களாம். அவங்க எடுக்குற கிலோவத்தானே எல்லாருக்கும் கணக்கா வைப்பாங்க. அது எட்டாதவங்களுக்கு அரைப் பேருதான் விழும். பாதிச் சம்பளங்க."

"அது தெரியும்," என்றார் டீச்சர். சொன்ன பிறகுதான் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"அப்பிடி ஒருதடவ தொரைகிட்ட நல்லா ஏச்சு வாங்கினாங்களாம். சோம்பேறின்னு எல்லார் முன்னாலயும் சொன்னாராம். கங்காணி ஆக்குறதா இருந்ததையும் விட்டுட்டாங்களாம்."

"யாருக்காக இப்பிடி?"

கம்சலா தயங்கினாள். கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பக்கத்து நெரையில கொழுந்தெடுத்த ஒருத்தங்களுக்கு ஒரு கை சரியா வெளங்காதாம். அரைப் பேரு விழுந்தா மகள் படிப்பு நின்னுருமேன்னுதான்..."

டீச்சர் மூடிய கதவை ஒருமுறை பார்த்தார்.

"நீங்க பூனாகலைன்னு நான் இங்க யார்கிட்டயும் சொல்லலீங்க டீச்சர். அந்தப் பக்கத்து நெரைக்காரங்க ஒங்க அம்மாதாங்க."