பாலத்தில் ஏறியவர்களின் படம்

கோச்சி ஓடுகிற ரயில் பாலத்தில் ஏறியவர்களை ஒருவன் படம் பிடிக்கிறான் என்பதை முதலில் கண்டவள் நிறஞ்சலாதான்.

ஏறியவர்கள் மூன்று பேர். நடுவில் நின்றவன் அவள் புருஷன் மில்ரன். கரைவலை இழுக்கிற கரையை ஒரு கம்பனி முள்ளுக்கம்பி அடித்து மறித்து நாற்பது நாள் ஆகியிருந்தது. மனுக் கொடுத்தே களைத்துப்போன தாழ்வுபாட்டு ஊர்ச்சனம், மன்னாருக்குள் வருகிற எல்லார் கண்ணிலும் படட்டும் என்று ரயில் பாலத்தின் இரும்புச் சட்டத்தில் ஏறிப் பதாகை கட்டத் துணிந்துவிட்டது.

போராட்டக் குழுத் தலைவர் பஸ்ரியன். முப்பது வருஷம் துண்டுப்பிரசுரம் அடித்தவர், மூன்று தரம் பொலிசில் பிடிபட்டு மறியலில் கிடந்தவர். ஏறுகிறவர்களின் முகம் ஒரு படத்திலும் விழக்கூடாது என்று, வந்த சனத்தின் போன்களையெல்லாம் காலையிலேயே ஒரு மீன்கூடையில் வாங்கி வைத்துவிட்டார்.

காரணம் இருந்தது. இங்கே நாலு பேர் கூடிக் கோஷம் போட்டால், தலைக்கவசத்தைக் கழற்றாமல் ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து படமெடுப்பான். ஒரு கிழமைக்குள் வீட்டு வாசலில் ஆள் நிற்கும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த கதை இது.

அதனால்தான், கமராவும் கையுமாகப் பாலத்தடியில் நின்றவனைக் கண்டதும் நிறஞ்சலா பஸ்ரியனைத் தேடி ஓடினாள். கமரா நேரே மில்ரனை நோக்கி நிமிர்ந்திருந்தது.

"அண்ணை, சிஐடி ஒண்டு நிண்டு படமெடுக்குது."

பஸ்ரியனோடு நாலைந்து பேர் ஓடிப்போய் வளைத்தார்கள். ஆள் எருக்கலம்பிட்டி ஜவாஹிர், பஜாரில் ஸ்ரூடியோ வைத்திருப்பவர் என்று ஒருவர் அடையாளம் சொன்னார். அது நிலைமையை இன்னும் கெடுத்தது. கலியாணப் படக்காரனுக்குப் பாலத்தடியில் என்ன அலுவல் என்றார் ஒருவர். பொம்பிளை மாப்பிள்ளை மேலே நிற்கிறார்களோ என்றார் இன்னொருவர்.

தங்கள் ஊரவர்களும் அந்தக் கரையில் வலை இழுக்கிறவர்கள்தான் என்று ஜவாஹிர் சொல்லிப் பார்த்தார். எவர் கேட்டது?

"முதுகைத்தான் எடுத்தனான். முகம் திரும்பேக்க கமராவை இறக்கிப்போட்டன். நீங்களே பாருங்கோ," என்று கமராவை நீட்டினார்.

பஸ்ரியன் வாங்கினார். பார்க்கவில்லை. உள்ளேயிருந்த சிப்பைக் கழற்றிக் கடலுக்குள் விட்டெறிந்தார். சனம் கைதட்டியது. நிறஞ்சலாவும் தட்டினாள்.

"அதுக்குள்ள ஒரு கலியாணமும் கிடந்தது, அண்ணன்," என்றார் ஜவாஹிர்.

"போராட்டம் எண்டா இழப்பு வரும், தம்பி."

எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாள் விடிய ஜீப் வந்தது. கோச்சி ஓடுகிற பாலத்தில் ஏறிச் சனத்துக்கு ஆபத்து விளைவித்தார்களாம். ஊரில் மில்ரன் என்று மூன்று பேர் இருக்க, பொலிஸ் ஒருவரிடமும் விசாரிக்காமல் சரியான மில்ரனின் வாசலில் வந்து நின்றது. தகப்பன் பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கூப்பிட்டது. பாலத்தில் ஏறிய மற்ற இருவரையும் அப்படித்தான் ஏற்றியது.

நிறஞ்சலா பஸ்ரியனிடம் ஓடினாள். அவர் கண்டன அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறார், பிறகு வருவார் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள்.

அவள் நேரே பஜாருக்குப் போனாள். ஸ்ரூடியோ வாசலில் நின்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினாள். வேறொரு சிப்பில் ஒளித்து வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாய், என் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டாய், நீ உருப்படமாட்டாய் என்று மண் அள்ளித் தூற்றாத குறை. அக்கம்பக்கத்துக் கடைக்காரர் எல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள். ஜவாஹிர் முடியும்வரை கேட்டார். பிறகு கடையைப் பூட்டினார்.

"பொலிசில சிங்களத்திலதான் கதைப்பினம். உங்களுக்கு விளங்குமா, தங்கச்சி?"

அவளுக்கு விளங்காது.

"அப்ப ஏறுங்கோ," என்று ஓட்டோவை மறித்தார். "மிச்சத்தைப் போற வழியில திட்டலாம்."

பொலிஸ் நிலையத்தில் ஜவாஹிர் அரைமணி நேரம் நின்றபடியே கதைத்தார். அவர்கள் கள்ளர் காடையர் இல்லை, கடலை நம்பிப் பிழைக்கிறவர்கள் என்று சொன்னதாக அவளுக்குத் தமிழில் சொன்னார். கோர்ட்டில் பிணைக்கு ஆள் கேட்டால் தானே வருவதாகவும் சொல்லியிருந்தார். நிறஞ்சலா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனாலும் மனம் ஆறவில்லை. செய்ததை மறைக்கத்தானே இந்தப் பாடுபடுகிறான் என்றும் ஒரு எண்ணம் ஓடியது.

"எங்கட ஆக்களின்ர பேர்விபரம் ஆர் குடுத்ததெண்டு கேளுங்கோ," என்றாள். உண்மை அவர் வாயாலேயே வரட்டும்.

ஜவாஹிர் தயங்காமல் கேட்டார். அதிகாரி சிரித்துவிட்டு ஏதோ சொன்னார்.

"ஒருத்தரும் குடுக்கேல்லையாம். நேற்றுப் பின்னேரமே பேஸ்புக்கில கிடந்ததாம்."

அதிகாரி தன் போனை அவள் பக்கம் திருப்பினார்.

பாலத்தின் மேலே மூன்று பேர். ஒருவர் முதுகும் தெரியவில்லை. மூவரும் முகம் முழுக்கச் சிரித்துக்கொண்டு நேரே கமராவைப் பார்த்தார்கள். கீழே கொட்டை எழுத்தில், 'எம் மண்ணின் மாவீரர்கள், இடமிருந்து வலம்' என்று தொடங்கி, ஒவ்வொருவரின் பெயர், தகப்பன் பெயர், வீடு இருக்கிற ஒழுங்கை.

நிறஞ்சலா விரலால் இன்னும் கீழே தள்ளினாள். கடைசி வரியில் இருந்தது:

'படம்: தோழர் பஸ்ரியன்.'