முத்திரை இல்லாத தோட்டா

சாப்பாட்டு மேசையில் விரித்த வெள்ளைத் துணிமேல் பழைய தோட்டாக்கள் வரிசையாக நிற்கின்றன. எல்லாம் வெடிமருந்து நீக்கியவை. இரண்டு மாதத்துக்கு முன் போய்ச்சேர்ந்த அவள் கணவர் ஆசை ஆசையாகச் சேர்த்தவை. ஜன்னல் வெயிலுக்கு நேராக உட்கார்ந்து அவருடைய சிநேகிதர் ஒவ்வொன்றாகக் கவிழ்க்கிறார், அடிப்பக்கத்து முத்திரையை லென்ஸ் வைத்துப் படிக்கிறார், சீட்டில் பெயர் எழுதுகிறார். "இது கொட்டுற மழையில நாங்க ரெண்டு பேரும் தேடிப்போய் வாங்கினது. அண்ணன் சொல்லலையா அண்ணி?" "இல்ல." மூன்றாவது முறை "இல்ல" என்னும்போது அவளுக்கு வயிறு எரிகிறது. வீட்டில் வாயைத் திறக்காத மனுஷர் இவரிடம் பேசித் தீர்த்திருக்கிறார். அப்போது சிநேகிதரின் கை நின்றுவிடுகிறது. கனமான பித்தளைத் தோட்டா, முத்திரையே இல்லை. மூன்று தடவை அளக்கிறார், புத்தகத்தைப் புரட்டுகிறார். "எதுலயும் வரலையே. சோதனைக்குன்னு செஞ்சதா இருக்கும், ரொம்ப அபூர்வம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்கிறார். அது படுக்கையறைத் திரைச்சீலைக் கம்பியின் துண்டு. ஒரு விடுமுறை நாளில் அவள் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள, "பெரிய நிபுணர்னு திரியுறான், ஏமாறுறானா பார்ப்போம்" என்று சிரித்துக்கொண்டே கணவர் அறுத்து அராவியது. இவரிடம் காட்டுவதற்குள் கண்ணை மூடிவிட்டார். "உங்களுக்காவது தெரியுமா அண்ணி?" "தெரியும்" என்கிறாள். லென்ஸை இறக்கிவிட்டு அவர் அவள் முகத்தையே பார்க்கிறார். அவள் அதை வாங்கி உள்ளங்கைக்குள் மூடிக்கொள்கிறாள். "நீங்க அடுத்ததைப் பாருங்க."